பட்டை நம்பும் மூச்சு

எனக்கு நம்புசெல்வியைப் பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, நான் ஏதோ மனமிரங்கி ஒரு ஏழைப் பெண்ணுக்கு உதவப் போனேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போது நான் இராமநாதபுரத்தில் வேலைத்தகுதி மையத்தில் பட்டை கட்டுகிறவனாக இருந்தேன். படித்தது பிசியோதெரபி. பத்தொன்பது வருடம் மனிதர்களின் இடுப்பைப் பிடித்துவிட்டே பிழைத்தவன். முதுகெலும்பு ஓரமாகக் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் எவனுக்கு வலி, எவன் நடிக்கிறான் என்று சொல்லிவிடுவேன். மூச்சுப்பட்டை வந்தபிறகு என் கட்டைவிரலை யாரும் கேட்கவில்லை. நெஞ்சில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை இறுக்கிவிட்டு, திரையில் விழுகிற எண்ணைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எட்டாம் வகுப்பு போதும். இந்த ஆத்திரம் எனக்குள் நாலு வருடமாக இருந்தது.

எண் பூஜ்யத்திலிருந்து பத்து வரை போகும். நாலுக்கு மேல் வந்தால் முதுகு நிஜமாகவே பழுது, உட்கார்ந்து பார்க்கும் இலகு வேலைக்கு மாற்றியாக வேண்டும். நாலுக்குக் கீழே என்றால் மறுநாளே பழைய பாரத்தைத் தூக்கப் போக வேண்டும். மாநிலம் முழுக்கச் சுமை தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் சட்டம்.

நம்புசெல்வி ஒரு சித்திரை மாத முற்பகலில் வந்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். பாம்பன் பக்கத்து ஊர். ஆழி குளிர்கிடங்கில் இருபத்தைந்து கிலோ இறால் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வேலை. உள்ளே வந்தவள் நாற்காலியை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"உட்காரும்மா."

"உக்காந்தா எந்திரிக்கிறது பெரும்பாடு. நின்னாப்புலயே கட்டுங்க."

"உட்கார்ந்தாத்தான் பட்டை படிக்கும். சட்டம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"வலி எனக்குத்தான தெரியும்" என்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தள்ளிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உட்கார்ந்தாள்.

நான் பட்டைகளை இறுக்கினேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"நோவு முதுகுல. நீங்க வயித்துல கட்டுறீக."

தினமும் எட்டுப் பேராவது இதைக் கேட்பார்கள். ஒப்பிப்பதுபோல் சொன்னேன். "முதுகு பழுதானா மூச்சு மாறிப்போகும். நெஞ்சுக்கு அடியில ஒரு பெரிய தசை இருக்கு. மூச்சை இழுத்தா அது கீழ இறங்கி வயித்தை அமுக்கும். அந்த அமுக்கம்தான் முதுகெலும்புக்கு உள்ளேயிருந்து முட்டுக் கொடுக்குது. முதுகு போன ஆளுக்கு அது சரியா இறங்காது. தம் பிடிச்சுக்கிட்டு நெஞ்சுலயே விட்டு விட்டு மூச்சு வாங்குவான். வாய் பொய் சொல்லும், மூச்சு சொல்லாது. போதுமா?"

பத்து நிமிடம் ஓடியது. திரையில் எண் விழுந்தது. ஒன்று புள்ளி இரண்டு.

"வலி இல்லை. நாளைக்கு வேலைக்குப் போகலாம்."

"எவன் சொன்னான்?"

"பட்டை சொல்லுது."

"பட்டைய அவுத்து நீ கட்டிக்கிட்டு வந்து ஒரு பெட்டி தூக்குய்யா பாப்போம். பிட்டத்துல ஆரம்பிச்சுக் குதிங்கால் வரைக்கும் கம்பிய விட்டு இழுக்குது. கக்கூசுல குந்த முடியல. பொய் சொல்ல இவ்ளோ தூரம் பஸ்சு ஏறி வருவாகளா?"

கத்தினாள். கத்தும்போதுதான் கவனித்தேன், திரையில் அவள் மூச்சுக்கோடு கொஞ்சமும் சிதறவில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஒவ்வொன்றும் அடிவயிறு வரை நிதானமாக இறங்கி ஏறியது. கோபப்படுகிற மனுஷிக்கு அப்படி ஒரு மூச்சு இருக்கக் கூடாது.

விதிப்படி நான் தொடக் கூடாது. எழுந்து அவள் பின்னால் போய், இடுப்பில், நாலாவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். இடது கால் துள்ளியது. கண்ணில் நீர் கொட்டியது. எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை நெரிப்பது என் விரலுக்கே தெரிந்தது. இன்னும் ஒரு மாதம் பெட்டி தூக்கினால் இந்தக் கால் போய்விடும். திரையில் மட்டும் அதே ஆறு மூச்சு.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தே?"

"பாசி எடுத்தேன். இருபத்திரண்டு வருசம்."

அப்போது புரிந்தது. மன்னார் வளைகுடா சூடேறிக் கடல்பாசி அழிந்துபோவதற்கு முன், தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி பறித்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு, காற்றுக்குழாய் எதுவும் இல்லாமல், ஒரு மூச்சில் ஒன்றரை நிமிடம் அடியில் இருப்பார்கள்.

"பாறை காலக் கிழிச்சாலும் மூச்சச் செதற விடமாட்டோம்" என்றாள். "செதறுனா மேல வரமாட்டோம். வலிச்சா மூச்சக் கீழ எறக்கிக் கட்டணும். இப்பவும் பெட்டி தூக்கையில அப்படித்தான் கட்டுறேன். அதுனாலதான் இன்னமும் நின்னுக்கிட்டு இருக்கேன்."

ஆக, அவளை நிற்க வைத்திருந்த மூச்சையே அவளுக்கு எதிரான சாட்சியாக இந்த இயந்திரம் எடுத்துக்கொண்டது.

அன்று மதியமே சென்னைக்குப் பேசினேன். டாக்டர் சுகவனம் திரையில் வந்தார். பட்டையை வடிவமைத்தவர் அவர்தான். எப்போதும் புன்னகைத்துக்கொண்டே பேசுவார், அது எனக்கு எரியும்.

"சார், நீங்க நாலாயிரம் பேரை அளந்துதான் இந்தக் கணக்கைப் போட்டீங்க. அதுல மூழ்கித் தொழில் பண்ணவங்க எத்தனை பேர்?"

"யாரும் இருந்திருக்க மாட்டாங்க. எதுக்கு?"

"இந்த அம்மாவுக்கு முதுகு நிஜமா போயிருக்கு. கைவச்சுப் பார்த்தேன். பயிற்சியால மூச்சு மட்டும் மாறல."

"திரவியம்," என்றார் அன்பாக, "வலியை யாராலும் ஜெயிக்க முடியாது. மூச்சு மூளையோட அடியிலேர்ந்து வர்ற விஷயம். ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு வந்திருக்குன்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அந்த அம்மா பொய் சொல்றாங்க. இல்லே, நீங்க பட்டையைச் சரியா கட்டலே. வயித்துப் பட்டை தளர்ந்திருந்தா இப்படி வரும். ஒழுங்கா இறுக்கினீங்களா?"

பத்தொன்பது வருடம் தொழில் பார்த்தவனைப் பார்த்து, வார் இறுக்கத் தெரியுமா என்று கேட்டார். அன்று முடிவு செய்தேன், இந்த ஆளின் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை.

மேல்முறையீடு செய்தால் நாற்பத்தைந்து நாள் கழித்து மறுசோதனை. அதுவரை சம்பளமில்லா விடுப்பு உண்டு. நானே படிவத்தை நிரப்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வெயிலில் நிற்க வைத்தே பேசினாள்.

"மறுசோதனையில ஜெயிக்கிற மாதிரி நான் மூச்சு விடச் சொல்லித்தர்றேன்" என்றேன். "முதுகு போனவங்க எப்படி மூச்சு விடுவாங்களோ, அப்படி."

"அதுல ஒங்களுக்கு என்ன கெடைக்குது?"

"நீ ஜெயிச்ச பிறகு, ஆனி மாசம் பட்டையைப் பரிசீலிக்கிற குழு இங்கே வருது. பட்டையைச் செஞ்ச டாக்டரும் வருவார். அவங்க எதிர்ல உட்கார்ந்து ரெண்டு விதமாவும் மூச்சு விட்டுக் காட்டணும். கடல் மூச்சு விட்டா ஒண்ணு, நான் சொல்லித்தந்ததை விட்டா எட்டு. ஒரே முதுகு, ரெண்டு எண். அதோட பட்டை செத்துது. இதுவரைக்கும் வலி இல்லைன்னு திருப்பி அனுப்பின எல்லாரையும் கையால சோதிக்கச் சொல்லி நான் கேட்பேன்."

"எங்க ஊருல மூணு பேத்த அனுப்பி இருக்கீக" என்றாள். "சாந்தா இப்பக் கம்பு ஊனி நடக்குறா. கையெழுத்து யாருது தெரியுமா? ஒங்களுது."

நான் படிவத்தை நீட்டினேன்.

"ஒங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வெறுப்பா இருக்கு" என்றாள். "ஆனா வாரேன். அந்த மூணு பேருக்காவ."

ஞாயிறுதோறும் அவள் வீட்டுப் பின்கட்டில் சொல்லிக்கொடுத்தேன். வயிறு அசையக் கூடாது என்பதற்காகப் பழைய புடவைத் துணியை அவள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். தோள்பட்டையைத் தூக்கி, கழுத்தெலும்பு வரை மட்டும் காற்றை இழு. நிறுத்து. பாதியை விடு. மறுபடி நிறுத்து. மீதியை விடு. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தாள்.

"இது மூச்சா? கரையில கெடக்குற மீனு இப்படித்தான் வாயப் பொளக்கும்."

"அதேதான். பட்டைக்கு அந்த மீனைத்தான் பிடிக்கும்."

ஒரு சிக்கல் இருந்தது. மறுசோதனை பத்து நிமிடத்தில் முடியாது. மூன்று நாள் பட்டையோடே இருக்க வேண்டும், தூங்கும்போதும். விழித்திருக்கையில் நடித்துவிடலாம், தூக்கத்தில் பழைய மூச்சு வந்துவிட்டால் எல்லாம் பாழ். அதனால் இராப்பகல் இந்த மூச்சுதான் என்றேன். துணியை அவிழ்க்காதே, சமைக்கும்போதும் குளிக்கும்போதும் கட்டியே இரு, தூக்கத்தில் வயிறு உப்பினால் துணி இறுக்கி எழுப்பிவிடும், எழுந்து மறுபடி ஆரம்பி. அவள் கெட்டிக்காரி. மூன்றாவது ஞாயிறு நான் போனபோது துணி இல்லாமலே வயிறு அசையவில்லை.

"நோவு கூடிருச்சு" என்றாள் அன்று. "முன்ன ஒரு காலுதான் இழுத்துச்சு. இப்ப ரெண்டுங் குடையுது. நடு முதுகெல்லாம் மரமாட்டம் இருக்கு."

"புதுசா வேலை செய்யற தசை வலிக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிடும்."

இது பொய். பொய்யென்று எனக்கு அந்தக் கணமே தெரியும். உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்த அமுக்கத்தை நான் கட்டிப்போட்டுவிட்டால் பழுதான ஜவ்வு மேல் முழுப் பாரமும் இறங்கும். முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ ஆனி மாதக் கூட்டத்தில் சுகவனத்தின் புன்னகை அணைகிற காட்சி கண்ணுக்குள்ளேயே நின்றது. இன்னும் மூன்று வாரம்தான், அப்புறம் பழைய மூச்சுக்குப் போய்விடப் போகிறாள், என்ன கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுசோதனையில் ஏழு புள்ளி ஒன்பது வந்தது. பக்கத்து மாவட்டத்துக்காரன் கட்டிய பட்டை, அதனால் யாரும் வாய் திறக்க முடியவில்லை. அவளை இலகு வேலைக்கு மாற்றினார்கள். வாசலில் உட்கார்ந்து வண்டி எண் எழுதுகிற வேலை.

அதோடு அவள் ஒதுங்கிக்கொண்டிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. குழுவின் முன்னால் வந்து ஏமாற்று வேலையைக் காட்டினால் கிடைத்த வேலையும் போகலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்ன தேதியில் வந்தாள். நல்ல புடவை உடுத்தி, நீலத் துணிப்பையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவள் ஏறிய விதத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஓரத்தில் டாக்டர் சுகவனம், வழக்கமான புன்னகையோடு. நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் எண், இரண்டாவது எண், நான் சொல்லிக்கொடுத்தது, துணி கட்டியது, ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு வேலை போகும் என்று தெரிந்தே சொன்னேன். பெருமையாகக்கூட இருந்தது.

"இப்ப இவங்க ரெண்டு மூச்சையும் காட்டுவாங்க" என்று சொல்லிப் பட்டைகளைக் கட்டினேன். "எவ்வளவு இறுக்கம்னு டாக்டரே வந்து பார்க்கலாம்."

சுகவனம் வந்து விரலை விட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

முதலில் கற்றுக்கொடுத்த மூச்சு. எட்டு புள்ளி நாலு.

"இப்போ உன் மூச்சை விடும்மா. கடல் மூச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் அடிவயிற்றில் வைத்தாள். இழுத்தாள். தோள்கள் மேலே ஏறின. திரையில் வயிற்றுக்கோடு துளிகூட அசையவில்லை. நெஞ்சுக்கோடு மட்டும் விட்டு விட்டு நடுங்கியது. எட்டு புள்ளி இரண்டு.

"அவசரம் இல்லை. நிதானமா."

மறுபடி இழுத்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. பாதியில் எங்கோ தடுக்கி இருமினாள். எட்டு புள்ளி ஆறு. மூன்றாவது முறை முயன்றபோது வலியில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எறங்கலய்யா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லாமல் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "தேடித் தேடிப் பாக்குறேன், எறங்க மாட்டேங்குது."

சுகவனம் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உங்களுக்கு இப்போ வலிக்குதாம்மா? உண்மையைச் சொல்லுங்க, பயப்படாதீங்க."

"வலிக்குது. ராத்திரியும் வலிக்குது, பகல்லயும் வலிக்குது."

"பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?"

அவள் யோசித்தாள். "எட்டு இருக்கும். எட்டரைன்னும் சொல்லலாம்."

அவர் குழுவைப் பார்த்துத் திரும்பினார். வெற்றிக் களிப்பெல்லாம் அவர் முகத்தில் இல்லை. அவர் நிஜமாகவே அப்படி நம்பினார் என்பதுதான் கொடுமை. "வலியைச் சொல்லிக்கொடுக்க முடியாது. இவங்க நடிக்கலே. இவங்களோட முதுகு நிஜமாவே பழுதாயிருக்கு, பட்டை அதைச் சரியா காட்டுது. முதல் தடவை தப்பா வந்ததுக்குக் காரணம் கட்டினவரோட தவறு. நான் அன்னிக்கே சொன்னேன்."

"இவரு பட்டையத் தப்பாக் கட்டல" என்றாள் நம்புசெல்வி. "அன்னைக்கு எம் மூச்சு அப்படித்தான் இருந்துச்சு. இந்தாளுதான் அதக் கெடுத்தாரு."

நீதிபதி கனிவாகச் சிரித்தார். "மூச்சை எப்படிம்மா ஒருத்தர் கெடுக்க முடியும்?"

தீர்ப்பை ஒரு பக்கத்தில் எழுதினார்கள். பட்டை நம்பகமானது. இயக்குபவரின் அலட்சியத்தால் ஒரு தொழிலாளி நாற்பத்தைந்து நாள் அவதிப்பட்டார். இயக்குபவர் பணிநீக்கம். தொழிலாளியின் இலகு வேலை நிரந்தரம். முன்பு அனுப்பப்பட்டவர்களை மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் பட்டையாலேயே சோதிக்கலாம்.

வெளியே நடைபாதை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் சரி. நான் கைகொடுக்கப் போனேன்.

"தொடாத."

"ஆறு மாசத்துல திருப்பிக் கொண்டு வந்துடலாம். நான் தினமும் வந்து பயிற்சி..."

"நீ ஒருக்கா வந்தது போதும்" என்றாள். "இருபத்திரண்டு வருசம் கடலு அந்த மூச்சப் பறிக்கப் பாத்துச்சு. முடியல. ஆறு ஞாயித்துக் கெழமையில நீ பறிச்சுட்ட. அந்த டாக்டரு மேல இருந்த வஞ்சத்துக்கு நான்தான் கெடச்சேனா?"

ஆமாம் என்பதுதான் பதில். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியபடி படியிறங்கிப் போனாள். நான் அங்கேயே நின்று அழுதேன். அழுததால் ஒன்றும் மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆடியில் ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். என் வீட்டு வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கையில் கம்பு இருந்தது. சாந்தா என்று கேட்காமலே தெரிந்தது.

"மறுசோதனைக்கு எழுதிப் போட்டுட்டோம்" என்றாள். "நாப்பத்தஞ்சு நாளு இருக்கு. எங்களுக்கும் அந்த மூச்சச் சொல்லித் தரணும்."

எனக்குக் கோபம் வந்தது. "நம்புசெல்விக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல? அந்தம்மாவோட மூச்சு போச்சு. இருந்த வலி ரெண்டு மடங்காச்சு. உங்களுக்கும் அதேதான் ஆகும். திரும்ப வராது."

"தெரியும்."

"யார் சொன்னது?"

"அதுதான் சொல்லுச்சு. ஒண்ணு விடாமச் சொல்லுச்சு." சாந்தா கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "பெட்டி தூக்கப் போனா ரெண்டு மாசத்துல காலு போயிரும். ஒங்ககிட்ட வந்தா மூச்சு போகும். காலு இருந்தாலாச்சும் வாசல்ல உக்காந்து வண்டி நம்பரு எழுதலாம். அந்தாளுக்கு நம்மளக் கெடுக்கத்தான் தெரியும், அதையாச்சும் உருப்படியா செய்யச் சொல்லுன்னு சொல்லித்தான் அனுப்புச்சு."

மூன்று பேரின் வயிறும் ஒரே சீராக, ஆழமாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான மூச்சை நான் படித்த காலத்திலும் பார்த்ததில்லை, தொழிலிலும் பார்த்ததில்லை. மறுத்துவிடலாம். மறுத்தால் என் மனசு சுத்தமாக இருக்கும், சாந்தா ஆவணிக்குள் தவழ ஆரம்பிப்பாள்.

உள்ளே போய் என் மனைவியின் பழைய புடவை ஒன்றை எடுத்து நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தேன். திரும்பி வந்து, யாருக்கு முதலில் கட்டட்டும் என்று கேட்டேன்.